கோடிங் அக்கா பதில்கள்: பாப்பா பி, பூச்சி பி

போன இதழ்ல புதுசா பொறந்த குழந்தை சார்ட் பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நெனைக்கல. பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். அம்மா வயித்துலயே இல்லன்னா பொறக்கும்போதே குழந்தை கண்ணுக்கு தொத்திக்கிற நோய், மெடிக்கல் கோடிங்ல, அதாவது டாக்டர் எழுதின நோயை கோடா மாத்துற நம்ம வேலையில, அதுக்கு எந்த கோடு, டாக்டர் என்ன எழுதியிருக்கணும், நாம ஏன் ஆடிட்ல அடி வாங்குறோம். சரி, இந்த மாசம் முழுக்க அதையே பேசிடுவோம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன தகராறு தீத்துக்கணும். இங்கிலீஷ்ல தனித்தனியா இருக்குற ரெண்டு எழுத்து தமிழ்ல எழுதினா ரெண்டுமே 'பி' ஆயிடுது, ஃபோன்ல சொன்னாலும் இதே கூத்துதான். எங்க ஃப்ளோர்ல இதுக்கு ஒரு வழி வச்சிருந்தோம். நோய்க் கோடு புக்ல பதினாறாவது சாப்டர், அதாவது பிரசவத்தை ஒட்டி குழந்தைக்கு வர பிரச்சனை எல்லாம் இருக்குற சாப்டர் கோடுன்னா 'பாப்பா பி', முதல் சாப்டர்ல வர தொற்றுநோய் கோடுன்னா 'பூச்சி பி'. இங்கயும் அப்படியே எழுதுறேன், உங்க லெட்டர்லயும் அப்படியே மாத்திட்டேன், சிரிக்காதீங்க. இந்த மாச சண்டையில பாதி இந்த ரெண்டு பி-க்கு நடுவுலதான் நடக்குது. நான் சொல்றது எல்லாம் அமெரிக்கா சார்ட்டுக்கு நாம போடுற ஐசிடி-10-சிஎம்ங்கிற நோய்க் கோடு பட்டியல், வேற எதாவது எடுத்தா சொல்லிடுறேன்.

அக்கா, 34 வயசு பேஷன்ட், ரெட்டினா க்ளினிக் சார்ட். அசெஸ்மென்ட்ல 'கன்ஜெனிட்டல் டாக்ஸோப்ளாஸ்மா கோரியோரெட்டினைட்டிஸ், வலது கண், ரீஆக்டிவேஷன்'னு இருக்கு. நான் பூச்சி பி58.01 போட்டேன். ஆடிட்டர் எரர் போட்டு பாப்பா பி37.1, ஹெச்32ன்னு மாத்திட்டார். 34 வயசு ஆளுக்கு குழந்தை கோடா? டீம் லீடர் (டிஎல்) கிட்ட கேட்டா ஆடிட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்கிறார். ரீபட்டல், அதான் மறுப்பு, போடலாமா?
- பேர் வேண்டாம், திருச்சி

புதுசா படிக்கிறவங்களுக்கு: இது டாக்ஸோப்ளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி பொறவியிலேயே தொத்தி விழித்திரையில வந்த அழற்சி, இப்ப திரும்ப கிளம்பியிருக்கு. போடாதீங்க தம்பி, ஆடிட்டர் சொன்னது சரி, ஆனா உங்க டிஎல் சொன்ன காரணம் தப்பு. ஆடிட்டர் சொன்னாருங்கிறதுக்காக இல்ல, கைட்லைன்ல நேராவே எழுதியிருக்கு: ஒரு நோய் பிரசவ காலத்துல ஆரம்பிச்சு வாழ்க்கை பூரா தொடர்ந்தா பேஷன்டுக்கு எத்தனை வயசானாலும் அந்த பதினாறாவது சாப்டர் கோடையே போடணும். பொறந்து 28 நாள் வரைக்கும்னு ஒரு கணக்கு இருக்கே, அது நோய் எப்ப ஆரம்பிச்சதுங்கிறதுக்கான கணக்கு, பேஷன்ட் இப்ப எத்தனை நாள் குழந்தைங்கிறதுக்கு இல்ல. நம்ம பசங்க நூத்துக்கு தொண்ணூறு பேர் இங்கதான் வழுக்குறாங்க, வயசு போட்டிருக்குற கட்டத்தைப் பாத்துட்டு சாப்டர் முடிவு பண்ணிடுறாங்க.

அடுத்தது, பூச்சி பி58ஐ டாபுலர்ல, அதாவது கோடு வரிசையா இருக்குற பட்டியல்ல, தெறந்து பாருங்க, தலையிலேயே எக்ஸ்க்ளூட்ஸ் ஒன்னுல கன்ஜெனிட்டல் டாக்ஸோப்ளாஸ்மோசிஸ்னா பாப்பா பி37.1க்கு போன்னு கைய காட்டி விட்டிருக்கும். எக்ஸ்க்ளூட்ஸ் ஒன்னுன்னா ரெண்டும் சேந்து இருக்க முடியாது, பொறவியிலேயே வந்துச்சா, பின்னாடி வந்துச்சா, ஏதாவது ஒண்ணுதான். பி58.01ங்கிறது பூனை கழிவு பட்டதோ சரியா வேகாத கறி சாப்பிட்டதோ, அப்படி பொறந்ததுக்கு அப்புறம் தானா வாங்கிக்கிட்ட கேஸுக்கு.

ஹெச்32 ஏன்னு கேட்டீங்கன்னா, பாப்பா பி37.1 'டாக்ஸோ இருக்கு'ன்னு மட்டும்தான் சொல்லுது, கண்ணுல என்ன பண்ணுச்சுன்னு சொல்லல. அதுக்குத்தான் ஹெச்32, வேற நோயால விழித்திரைக்கு வந்த கோளாறு. அதுக்கு கீழயே 'முதல்ல அடிப்படை நோயை போடு'ன்னு கட்டளை இருக்கு, உதாரணத்துல கன்ஜெனிட்டல் டாக்ஸோவையே பேர் சொல்லி போட்டிருக்காங்க. அதனால ஆர்டர் மாறக்கூடாது, பாப்பா பி முன்னாடி, ஹெச்32 பின்னாடி. ஹெச்32ல வலது இடதுன்னு எதுவும் கிடையாது, மூணு எழுத்தோட முடிஞ்சிடும், வலது கண்ணுன்னு டாக்டர் கஷ்டப்பட்டு எழுதினது கோடுல எங்கயும் போகாது, அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப உங்களுக்கு சாதகமா ஒரு விஷயம் சொல்றேன். உங்க சார்ட்ல 'கன்ஜெனிட்டல்'னு டாக்டர் எழுதியிருந்தார், தப்பிச்சீங்க. வெறும் 'டாக்ஸோ ஸ்கார், வலது கண்'னு மட்டும் இருந்தா அந்த வார்த்தையை நீங்களா சேக்கக்கூடாது. விழித்திரையோட நடுப்பகுதியான மேக்குலா பக்கத்துல தழும்பு இருந்தாலே பிறவிதான்னு ஒரு காலத்துல சொல்லிக்கிட்டு இருந்தாங்க, இப்ப கண் டாக்டருங்களே நிறைய கேஸ் பின்னாடி வந்ததுதான்னு சொல்றாங்க. அப்புறம் ஆக்டிவ் தொற்று எதுவும் இல்ல, பழைய தழும்பு மட்டும்தான்னா அது ஹெச்31.0 குடும்பம், மேக்குலா தழும்புக்கு வலது, இடது, ரெண்டும்னு தனித்தனியா அங்க இருக்கு. ஆக்டிவா இல்லையான்னு சார்ட்ல தெளிவா இல்லன்னா டாக்டர்கிட்ட விளக்கம் கேட்டு க்வெரி போடுங்க, டார்கெட்டுக்கு பயந்து விடாதீங்க.

அக்கா, 9 வயசு பையன், ஓபி விசிட், ரெண்டு கருவிழியும் மங்கலா இருக்கு. டாக்டர் எழுதினது: 'இன்டர்ஸ்டிஷியல் கெரட்டைட்டிஸ் ரெண்டு கண், லைக்லி கன்ஜெனிட்டல் லூயிஸ், ஆர்பிஆர் அனுப்பியாச்சு.' லூயிஸ்ங்கிற சிண்ட்ரோமை இண்டெக்ஸ் பூரா தேடிட்டேன், கிடைக்கல. டாக்டர் பேரா?
- எம்., ஈரோடு

ஐயோ, இந்த லெட்டரை படிச்சு நான் தனியா உக்காந்து சிரிச்சேன், ஏன்னா இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். வேலைக்கு சேந்த முதல் வருஷம், நைட் ஷிஃப்ட், ஐசிடி-9 காலம், ஒரு சார்ட்ல இதே வார்த்தையை பாத்துட்டு, ரெஃபர் பண்ண டாக்டரோட பேர்னு நெனச்சு, டாக்டர் லூயிஸோட நோட்ஸ் அட்டாச் ஆகலைன்னு க்வெரி அனுப்பிட்டேன். மறுநாள் பதில் ஒரே வரியில வந்துச்சு, அது சிஃபிலிஸ்ங்கிற பால்வினை நோய்னு. டீம் மொத்தமும் ஒரு மாசம் என்னை டாக்டர் லூயிஸ்னுதான் கூப்பிட்டாங்க. லூயிஸ்ங்கிறது லத்தீன் வார்த்தை, கொள்ளைநோய்ங்கிற மாதிரி அர்த்தம், சிஃபிலிஸ்னு வாய்விட்டு சொல்ல கூச்சப்பட்ட காலத்துல டாக்டருங்க மறைச்சு பேச வச்சுக்கிட்டது, வயசான டாக்டருங்க இன்னும் விடல.

உங்க சார்ட்டுக்கு வருவோம். இது ஓபி. ஓபியில 'லைக்லி', 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்' எதையும் நோயா கோடு பண்ணக்கூடாது, அன்னைக்கு உறுதியா தெரிஞ்சது எதுவோ அதுதான். உறுதியா தெரிஞ்சது கருவிழி அழற்சி, ரெண்டு கண்ணுலயும். எந்த வகைன்னு எழுதல, அதனால ஹெச்16.303. அவ்ளோதான், இந்த விசிட் முடிஞ்சது.

அடுத்த விசிட்ல ஆர்பிஆர்ங்கிற சிஃபிலிஸ் ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்து டாக்டர் 'கன்ஜெனிட்டல் சிஃபிலிஸால வந்த இன்டர்ஸ்டிஷியல் கெரட்டைட்டிஸ்'னு எழுதினா கோடு அப்படியே வீடு மாறும், ஏ50.31. அது ஒண்ணே நோயையும் கண்ணையும் சேத்து சொல்லிடுது, கூட ஹெச்16 ஒட்ட வேண்டாம். டாக்ஸோவுக்கு ரெண்டு கோடு, சிஃபிலிஸுக்கு ஒண்ணு, ஏன் இந்த ஓரவஞ்சனைன்னு கேக்காதீங்க, புக் அப்படித்தான். விழித்திரைன்னா ஏ50.32, கண்ணுல என்னன்னே சொல்லலைன்னா ஏ50.30.

இதுல ரெண்டு வயசு கோடு ஒண்ணு இருக்கு, கோடுன்னா நம்ம கோடு இல்ல, எல்லைக்கோடு. பொறந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வெளிப்பட்டா எர்லி, கண்ணுக்கு ஏ50.01. ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ ஆனா லேட், ஏ50.3 குடும்பம். நோய் வந்த நாள் ரெண்டுக்கும் அம்மா வயித்துலதான், வெளிய தலை காட்டுன நாளைத்தான் கணக்கு வைக்கிறாங்க. இந்த கருவிழி பிரச்சனை சாதாரணமா அஞ்சு வயசுல இருந்து இருபது வயசுக்குள்ளதான் வரும், அதனால உங்க 9 வயசு பையன் லேட் பக்கம். சார்ட்டை இன்னொரு தடவை ஃபுல்லா படிங்க, முன்பல் நடுவுல வெட்டுப்பட்ட மாதிரி இருக்குன்னு பல் டாக்டர் நோட், காது கேக்கலைன்னு இஎன்டி நோட் எதாவது கிடக்கும். கருவிழி, பல், காது மூணும் சேந்தா ஹட்சின்சன்ஸ் ட்ரையட், லண்டன்ல இருந்த ஜோனதன் ஹட்சின்சன்ங்கிற சர்ஜன் 19ஆம் நூற்றாண்டுல சொன்னது, அதுக்குன்னே ஏ50.53 இருக்கு. ஆனா 'ட்ரையட்'னு டாக்டர் எழுதணும். நீங்க மூணையும் அங்கங்க பொறுக்கி சேத்து ட்ரையட் கட்டக்கூடாது, அது டயக்னோசிஸ் பண்றது, நமக்கு லைசென்ஸ் இல்ல.

ஆர்பிஆர் ரிப்போர்ட் பாசிட்டிவ்னு நீங்களே லேப் ரிசல்ட் பக்கத்துல பாத்தாலும் அதை வச்சு ஏ50 போடாதீங்க. டாக்டர் அதை தொட்டு எழுதின பிறகுதான் அது நமக்கு டயக்னோசிஸ்.

இது அபூர்வமான சார்ட், படிக்கணுமான்னு ட்ரெய்னிங் க்ளாஸ்ல பசங்க கேப்பாங்க. பத்து வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். ஆனா அமெரிக்காவுல 2012ல 335 கன்ஜெனிட்டல் சிஃபிலிஸ் கேஸ்னு இருந்தது 2023ல 3,882ன்னு அமெரிக்க நோய்த்தடுப்பு நிறுவனமான சிடிசி-யோட கணக்கு சொல்லுது. உங்க க்யூவுக்கு வரும், ரெடியா இருங்க.

மேம், ஐபி (உள்நோயாளி) சார்ட். அம்மாவுக்கு சிஃபிலிஸ், சரியா ட்ரீட்மென்ட் எடுக்கல. குழந்தைக்கு கண்ணு உட்பட எக்ஸாம் நார்மல், 10 நாள் பெனிசிலின் குடுத்திருக்காங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில 'பாஸிபிள் கன்ஜெனிட்டல் சிஃபிலிஸ்'. ஐபியில பாஸிபிள்னு இருந்தா இருக்குற மாதிரியே போடலாம்ல?
- கே. ஆர்., பெருங்குடி

நல்ல கேள்வி, உங்களை மாதிரி ஆள்தான் எனக்கு டீம்ல வேணும். ரூல் நீங்க சொன்னதேதான், ஐபியில டிஸ்சார்ஜ் அன்னைக்கு பாஸிபிள், ப்ராபபிள்னு நின்னா இருக்குறதாவே எடுத்துக்கலாம். ஆனா இங்க ஒரு குழி இருக்கு. சிடிசி-யோட சிகிச்சை கைட்லைன்ல பச்சக்குழந்தைகளை நாலு வகையா பிரிச்சிருக்காங்க. உறுதி அல்லது கிட்டத்தட்ட உறுதி ஒண்ணு, 'பாஸிபிள்' ரெண்டு, 'லெஸ் லைக்லி' மூணு, 'அன்லைக்லி' நாலு. அந்த ரெண்டாவது டப்பாவோட பேரே பாஸிபிள்தான்: குழந்தை பாக்க நார்மல், ரத்த டெஸ்ட்ல வந்த சிஃபிலிஸ் அளவு அம்மாவோடதைப் போல நாலு மடங்குக்கு போகல, ஆனா அம்மா ட்ரீட்மென்ட் சரியில்ல. உங்க சார்ட் அப்படியே அதுல பொருந்துது பாருங்க. அப்ப டாக்டர் 'இருக்கலாம்னு நெனைக்கிறேன்'ன்னு எழுதினாரா, இல்ல 'ரெண்டாவது டப்பா'ன்னு எழுதினாரா? ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம், நமக்கு தெரியாது.

அதனால க்வெரி. அதுலயும் 'ஏ50 போடலாமா டாக்டர்'னு கேட்டா அது பதிலை நாமளே எடுத்துக் குடுக்குற லீடிங் க்வெரி, அதுக்கும் அடி விழும். குழந்தைக்கு தொற்று இருக்குன்னு ட்ரீட் பண்ணீங்களா, அறிகுறி இல்லாத தொற்றா, அம்மாவோட நோயால முன்னெச்சரிக்கையா குடுத்ததா, வேற எதாவதா, தெளிவுபடுத்தவும்னு எல்லா ஆப்ஷனும் வச்சு அனுப்புங்க. பதில் பொறுத்து அறிகுறி இல்லாத எர்லி வகைக்கு ஏ50.1, அம்மா நோயோட பாதிப்புன்னா பாப்பா பி00.2, பரிசோதிச்சு இல்லன்னே முடிவானா இஸட்05.1. ஏ50.01 மட்டும் கனவுலயும் போடாதீங்க, கண்ணு நார்மல்னு அவங்களே எழுதியிருக்காங்க.

அம்மாவோட ஐஜிஜிங்கிற எதிர்ப்புப்பொருள் தொப்புள்கொடி வழியா குழந்தைக்கு வந்துடும், அதனால பச்சக்குழந்தைக்கு பாசிட்டிவ்னு வந்தாலே நோய்னு அர்த்தம் இல்ல. க்வெரி போட கூச்சமா இருந்தா இதை நெனச்சுக்கோங்க.

அக்கா, ஐசிடி-11 வந்துட்டா நம்ம கோடு எல்லாம் வேஸ்ட்டா?
- தினேஷ்னு வச்சுக்கோங்க, கோவை

உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி 1லயே அதை நடைமுறைக்கு கொண்டு வந்தாச்சு, அமெரிக்கா இன்னும் மாறல. ஐசிடி-10க்கு மாறவே அவங்களுக்கு 2015 அக்டோபர் ஆச்சு. நிம்மதியா தூங்குங்க, ஆனா வருஷா வருஷம் அக்டோபர் 1 அப்டேட்டை படிச்சுட்டு தூங்குங்க.

அக்கா, பொறந்து நாலு நாள் குழந்தை, கண்ணுல பீளை. ஒரு சார்ட்ல பாப்பா பி39.1 போட்டேன், சரின்னாங்க. அடுத்த சார்ட்ல அதே பீளைக்கு அதே கோடு, தப்புன்னாங்க. பைத்தியம் புடிக்குது.
- ஜெ., விழுப்புரம்

புடிக்கத்தான் செய்யும். பீளை ஒண்ணுதான், ஆனா பீளைக்கு பின்னாடி நாலு பேர் ஒளிஞ்சிருக்கான்.

பாப்பா பி39.1ங்கிறது பச்சக்குழந்தைக்கு வர கண் அழற்சி, எந்த கிருமின்னு சொல்லாத ஆஃப்தால்மியா நியோனேட்டோரம் இதுலதான், க்ளாமிடியாவால வந்ததும் இதுலயேதான். ஆனா கொனோரியா கிருமின்னு உறுதியானா அங்க நிக்கக்கூடாது, எக்ஸ்க்ளூட்ஸ் ஒன்னு வெளிய தள்ளிடும், ஏ54.31க்கு போகணும். உங்க ரெண்டாவது சார்ட்ல கல்ச்சர் ரிசல்ட்டை டாக்டர் ப்ராக்ரஸ் நோட்ல எழுதியிருப்பார், நீங்க முதல் நாள் அட்மிஷன் நோட்டோட நிறுத்தியிருப்பீங்க, பெட் கட்டலாமா? மூணாவது ஆள் கண்ணீர் மூக்குக்கு வடியுற குழாயில அடைப்பு, தொற்றே இருக்காது, கண்ணு எந்நேரமும் ஈரமா ஒட்டிக்கிட்டு இருக்கும், அது ஹெச்04.53, அதுல வலது இடது கட்டாயம். கண்ணீர்க்குழாயே பொறவியில குறுகலா இருக்குன்னு டாக்டர் எழுதினா நாலாவது ஆள், க்யூ10.5.

எந்த நாள் ஆரம்பிச்சதுன்னு டாக்டர் எழுதியிருக்காரா பாருங்க. கொனோரியா சாதாரணமா ரெண்டாவதுல இருந்து அஞ்சாவது நாளுக்குள்ள சீழ் கொட்டிக்கிட்டு வரும், க்ளாமிடியா அஞ்சுல இருந்து பதினாலு நாள் வரைக்கும் நிதானமா வரும், முதல் நாளே செவந்தா போட்ட மருந்தோட எரிச்சலா இருக்கலாம். லைப்ஸிக்ல கார்ல் க்ரேடேங்கிற பிரசவ டாக்டர் 1880 வாக்குல பொறந்த உடனே கண்ணுல சில்வர் நைட்ரேட் சொட்டு விட ஆரம்பிச்சாரே, அதுக்கே அந்த எரிச்சல் இருந்துச்சு. இப்ப அமெரிக்காவுல எரித்ரோமைசின் ஆயின்ட்மென்ட் தடவுறாங்க. இந்த நாள் கணக்கு உங்களுக்கு சந்தேகம் வர்றதுக்கு மட்டும்தான், நாலாவது நாள், அதனால கொனோரியான்னு நீங்க முடிவு கட்ட இல்ல. கொனோரியா விளையாட்டு இல்லப்பா, விட்டா ஒண்ணு ரெண்டு நாள்லயே கருவிழியை ஓட்டை போட்டுடும், அதனால டாக்டருங்க கல்ச்சருக்கு காத்திருக்காம ஊசி போட்டுடுவாங்க. ஊசி போட்டிருக்காங்களே, அப்ப அதுதான்னு போடாதீங்க.

பொறந்த அட்மிஷன்லயே கண்டுபிடிச்சா, குழந்தை பொறந்ததை சொல்ற இஸட்38 முதல்ல, இந்த கோடு அடுத்து. வீட்டுக்கு போயிட்டு நாலாவது நாள் திரும்ப சேத்தா இஸட்38 கிடையாது, அது ஒரு குழந்தைக்கு வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான். அம்மா சார்ட்டும் உங்களுக்கே வந்தா அதுல பாப்பா பி வரவே கூடாது, அவங்களுக்கு கர்ப்பகால தொற்றை சொல்ற ஓ98 குடும்பம்.

வணக்கம் மேடம். நான் கோடர் இல்ல, ஒரு அம்மா. என் பொண்ணுக்கு 5 மாசம், ரெண்டு கண்ணுலயும் பொறவி கண்புரை, ஆபரேஷன் முடிஞ்சுது. எனக்கு மூணாவது மாசத்துல காய்ச்சலும் தடிப்பும் வந்துச்சு, டாக்டர் அதனாலதான் இருக்கும்னு வாயில சொன்னார். ஆனா டிஸ்சார்ஜ் சம்மரியில பொறவி கண்புரைன்னு மட்டும்தான் இருக்கு. இது முக்கியமா? கேட்டா கோச்சுக்குவாங்களா?
- ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும் அம்மா, கேளுங்க. முக்கியமான்னா ரொம்ப முக்கியம், கோடுக்காக இல்ல, உங்க பொண்ணுக்காக.

'பொறவி கண்புரை'ன்னா கண்ணோட முடிஞ்ச விஷயம் மாதிரி இருக்கு, க்யூ12.0ன்னு ஒரு கோடு. உங்களுக்கு வந்த காய்ச்சல் ருபெல்லா, அதான் ஜெர்மன் தட்டம்மையா இருந்து, 'ருபெல்லாவால வந்தது'ன்னு எழுதினா கூடவே பாப்பா பி35.0ன்னு இன்னொரு கோடு சேரும், அது கண்ணை மட்டும் சொல்லல, காது, இதயம், மூளை வளர்ச்சி எல்லாத்தையும் பாருங்கன்னு அடுத்து பாக்குற டாக்டருக்கு சொல்லுது. அந்த ஒரு வரி இல்லாததால ரெண்டு வயசு வரைக்கும் காது கேக்கலைன்னே தெரியாம போன குழந்தை உண்டு. அதனால காது டெஸ்ட்டும் இதயத்துக்கு எக்கோவும் எடுத்தாச்சான்னு முதல்ல கேளுங்க.

ரெண்டாவது, இதுல நேரம் ஓடிக்கிட்டு இருக்கு. ருபெல்லா ஐஜிஎம்ங்கிற ரத்த டெஸ்ட் முதல் சில மாசத்துலதான் நல்லா காட்டும், போகப் போக குறைஞ்சுடும். அப்புறம் ஒன்பது மாசம் முடிஞ்சதும் தட்டம்மை-ருபெல்லா (எம்ஆர்) தடுப்பூசி போடுவாங்க, கண்டிப்பா போடணும், ஆனா போட்ட பிறகு ஐஜிஜி பாசிட்டிவ்னு வந்தா அது ஊசியாலயா நோயாலயான்னு பிரிக்க முடியாது. அதனால இந்த வாரமே குழந்தை டாக்டரை பாத்து டெஸ்ட் எடுக்கலாமான்னு கேளுங்க. இந்த நோய் உள்ள குழந்தைகிட்ட இருந்து ஒரு வயசு வரைக்கும் கூட வைரஸ் வெளிய வரலாம், அக்கம்பக்கம் யாராவது மாசமா இருந்தா கொஞ்சம் தள்ளி இருக்க சொல்லுங்க, பதட்டப்பட வேண்டாம்.

சம்மரிக்கு, பழசை அழிச்சு எழுத சொல்லாதீங்க, எழுதவும் மாட்டாங்க. உங்களுக்கு காய்ச்சல் வந்த மாசம், தடிப்பு எத்தனை நாள் இருந்துச்சு, ஸ்கேன் புக்ல எழுதியிருக்கா, இதை ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி குடுத்து, தேதி போட்டு ஒரு கூடுதல் குறிப்பா சேத்து கையெழுத்து போட்டு தர சொல்லுங்க. டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் அதையும். பின்னாடி ஊனச் சான்றிதழ், ஸ்கூல், எதுக்கு போனாலும் இந்த பேப்பர்தான் பேசும். லேமினேட் பண்ணிடாதீங்க, ஜெராக்ஸ் எடுத்து வைங்க.

மேடம், நான் கண் மருத்துவம் பிஜி படிக்கிறேன். எங்க ஆஸ்பத்திரி ரெகார்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்து தினமும் ஃபோன், இது என்ன நோய், அது என்ன நோய்னு. நான் என்ன எழுதினா இவங்க ஃபோன் பண்ண மாட்டாங்க?
- ஒரு பிஜி டாக்டர், மதுரை

டாக்டர், உங்க கேஸ் ஷீட்ல 'இரு கண் புரை, டார்ச் பாசிட்டிவ்'னு எழுதுவீங்கன்னு நான் பந்தயம் கட்டுறேன். டார்ச்ங்கிறது ஒரு நோய் இல்ல, வயித்துலயே தொத்துற பல நோய்க்கு கூட்டுப் பேர், டார்ச் அடிச்சு பாத்தாலும் அதுல எங்களுக்கு கோடு தெரியாது டாக்டர்! டாக்ஸோவா, ருபெல்லாவா, சைட்டோமெகலோவா, ஹெர்பிஸா, இல்ல அந்த 'மற்றவை'யில இருக்குற சிஃபிலிஸா? பாப்பா பி37.1, பி35.0, பி35.1, பி35.2, ஏ50ன்னு அஞ்சு வெவ்வேற வீடு. அதுலயும் ஐஜிஜி பாசிட்டிவா ஐஜிஎம் பாசிட்டிவா? ஐஜிஜின்னா அது அம்மாவோடதா இருக்கலாம்னு உங்களுக்குத்தான் எங்களை விட நல்லா தெரியும்.

நம்ம ஊர் ஆஸ்பத்திரியில பெரும்பாலும் உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-10 தான், அமெரிக்கா மாதிரி அஞ்சு ஆறு எழுத்துக்கு போகாது, சிஃபிலிஸ் கண்ணுன்னா ஏ50.3யோட நின்னுடும், கூட கத்தி குறி, நட்சத்திர குறி போட்டு கண் கோடை ஜோடி சேப்பாங்க. ஆனா உங்ககிட்ட இருந்து வேண்டியது ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். நான் கேக்குறது இப்படி ஒரு வாக்கியம்: 'இரண்டு மாத பெண் குழந்தை, இரு கண்ணிலும் பிறவிக் கண்புரை, காரணம் பிறவி ருபெல்லா நோய்க்குறித் தொகுதி, குழந்தையின் ருபெல்லா ஐஜிஎம் பாசிட்டிவ், தாய்க்கு 10ஆம் வாரம் காய்ச்சலும் தடிப்பும், எக்கோவில் பிடிஏ, காது பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது.' எண்ணி இருபத்தி சொச்சம் வார்த்தை. இதுல 'காரணம்'ங்கிற ஒரு வார்த்தை இருக்கே, அதுக்குத்தான் அந்த ஃபோன் எல்லாம். புரைன்னு ஒரு வரி, ருபெல்லான்னு பத்து வரி தள்ளி ஒரு வரி எழுதினா ரெண்டையும் முடிச்சு போட எங்களுக்கு உரிமை இல்ல. உறுதி இல்லன்னா உறுதி இல்லன்னே எழுதுங்க, ரிசல்ட் வந்த அன்னைக்கு மறுபடி ஒரு வரி. விழித்திரை, கருவிழி கேஸுன்னா ஆக்டிவா பழைய தழும்பாங்கிறதும் வேணும்.

அம்மா கிட்ட கேட்டு எழுதுற அந்த அரை வரியை சாதாரணமா நெனைக்காதீங்க. 1941ல சிட்னியில நார்மன் கிரெக்ங்கிற உங்க ஜாதி கண் டாக்டர்தான், ஒரே மாதிரி புரையோட வந்த 78 குழந்தைங்க கேஸை சேத்து வச்சு, அவங்க அம்மாக்களோட கர்ப்பகால கதையை கேட்டு, பெரும்பாலானவங்களுக்கு ஆரம்ப மாசத்துல ருபெல்லா வந்திருந்ததை எழுதினார். அதுக்கு முன்னாடி இந்த நோய் குழந்தையை வயித்துலயே பாதிக்கும்னு யாருக்கும் தெரியாது. ஐஜிஎம் கிடையாது, ஸ்கேன் கிடையாது, அவர்கிட்ட இருந்தது கேஸ் ஷீட்தான்.

அப்புறம் ரெகார்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல ஃபோன் பண்றது யாருன்னு ஒரு நாள் கீழ இறங்கி போய் பாருங்க, ஒரு டீ வாங்கி குடுங்க, உங்க கையெழுத்துல 'ஐஜிஎம்'மும் 'ஐஜிஜி'யும் ஒரே மாதிரி இருக்குன்னு அவங்களே காட்டுவாங்க.